கடிதத்தை யார் பிரிப்பது?

கடத்தூரில் நாங்கள் நடத்தும் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு மாணவி கேட்டார். "அண்ணா, வாட்ஸ்அப்புல மேல மஞ்சக் கலர்ல ஒரு கட்டம் வருமே, இந்தச் சாட்டை வெளியாள் யாரும் படிக்க முடியாது, வாட்ஸ்அப் கம்பெனியே படிக்க முடியாதுன்னு. அது நெசமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன் மடக்கினான். "நெசம்னா பீமா கோரேகான் கேஸ்ல அத்தனை லெட்டர் எப்படிண்ணா சிக்குச்சு?"

அன்றைக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' வாசிப்பதாக இருந்தது. கூட்டம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாணவியின் கேள்விக்குப் பதில், நெசம்தான். பையன் கேட்டதும் நியாயமான கேள்வி. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்கு, அன்று எங்கள் கையில் இருந்த அந்தச் சிறு நூலிலேயே ஒரு வழி இருந்தது. அப்போது எனக்குத் தோன்றவில்லை, வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது.

1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவ், அண்ணன், அக்கா மகன்கள் எல்லோரும் கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அப்பா வேலை பார்க்கும் ஊரின் பெயரும் கோரேகான்தான். ஆனால் அது சாத்தாரா மாவட்டத்து ஊர், பேஷ்வா படையோடு போர் நடந்த பீமா கோரேகான் இல்லை. இன்ன தேதிக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே அப்பாவுக்குக் கடிதம் போட்டாகிவிட்டது. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப் போக ஆள் இல்லை. அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். அந்த இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் சாப்பிட முடியவில்லை. தீண்டாமை என்றால் என்னவென்று முதன்முதலாக நெஞ்சில் அறைந்த நாள் என்று அம்பேத்கர் நினைவுகூரும் நாள் அது.

இதில் கடிதத்துக்கு என்ன ஆயிற்று? தபால் துறை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. வழியில் யாரும் பிரிக்கவில்லை, தொலைக்கவுமில்லை. அப்பாவின் வேலையாள் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு அவரிடம் கொடுக்காமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. வழி நெடுகப் பத்திரமாக வந்தது, வீட்டு வாசலில் கெட்டது. தொழில்நுட்பக்காரர்கள் இந்த வாசலை 'எண்ட்' என்கிறார்கள். 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' என்று நாம் படிக்கிறோமே, அதிலுள்ள 'எண்ட்'. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பூட்டு உண்டு என்று பொருள். முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி அந்தப் பூட்டுக்கு எதுவும் தெரியாது.

நம் ஊர்களில் முனையில் எப்போதும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என் ஆயா கதையைச் சொல்கிறேன். எழுபதுகளில் என் பெரிய மாமா பொம்மிடியில் ரயிலேறி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். மாதம் ஒரு இன்லேண்ட் கடிதம் வரும். தபால் காலனிக்குள் வராது. ஊர்த்தெருவில் ஒரு பண்ணைக்காரர் வீட்டுத் திண்ணையில் காலனிக் கடிதங்கள் எல்லாம் கட்டாக இருக்கும். ஆயா போய் வாசலில் நிற்பார். எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கி, ஒட்டியிருக்கும் விளிம்பைத் தன் கையாலேயே கிழித்து, அந்த வீட்டுப் பையனிடம் நீட்டுவார். அவன் தெருவுக்கே கேட்கும்படி படிப்பான். "இந்த மாசம் நாப்பது ரூவா மணியார்டர் அனுப்பிருக்கேன் அம்மா." ஆயா வீடு வந்து சேர்வதற்கு முன்னால் கடன் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடைசிவரை ஆயா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 2000களின் தொடக்கத்தில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை எடுத்துக்கொண்டு கிராமப்புறத் தீண்டாமை பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006இல் நூலாக வந்தது. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் நேரில் கொண்டுவந்து தரப்படுவதில்லை என்று அது பதிவு செய்தது. கைபேசி வந்துகொண்டிருந்த காலத்தில்! அந்தரங்கம் பற்றி யாராவது வகுப்பெடுக்க வந்தால் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன். நமக்கு அந்தரங்கம் என்பது இருந்து பறிபோன ஒன்று இல்லை. பெரும்பாலானோருக்குக் கையில் கொடுக்கப்படவே இல்லை.

அரசாங்கம் கடிதம் பிரிப்பது வேறு வரலாறு. அது வழியில் நடப்பது. 1844இல் லண்டனில் அகதியாக இருந்த இத்தாலியப் புரட்சியாளர் மாஜினிக்குத் தன் கடிதங்களை யாரோ பிரிப்பதாகச் சந்தேகம். உறைக்குள் கசகசாவும் மணலும் தலைமுடியும் போட்டு அனுப்பச் சொல்லிச் சோதித்தார். வந்து சேரும்போது அவை காணாமல் போயிருந்தன. உள்துறை அமைச்சரின் உத்தரவில் பிரித்திருக்கிறார்கள் என்பது வெளியானதும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே கொந்தளித்தது. அதே பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் 1885 தந்திச் சட்டத்திலும் 1898 தபால் அலுவலகச் சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரத்தைப் பட்டவர்த்தனமாகவே எழுதி வைத்தார்கள். சுதந்திரம் வந்தது, சட்டங்கள் அப்படியே இருந்தன. 1986இல் கடிதம் பிரிக்கும் அதிகாரத்தை இன்னும் விரிவாக்கும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார், அது சட்டமாகவே இல்லை. 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். வழக்கில், தொலைபேசி ஒட்டுக்கேட்பது வாழ்வுரிமையைத் தொடும் விஷயம் என்று சொல்லிச் சில கட்டுப்பாடுகளை உச்ச நீதிமன்றம் விதித்தது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 2018 டிசம்பரில், நாட்டில் எந்தக் கணினியில் உள்ளதையும் இடைமறிக்கலாம், மறைநீக்கலாம் என்று பத்து அமைப்புகளுக்கு மத்திய உள்துறை அதிகாரம் கொடுத்தது. 2023இல் பழைய தபால் சட்டமும் தந்திச் சட்டமும் போய்ப் புதியவை வந்தன. பெயரும் ஆண்டும் மாறின, இடைமறிக்கும் பிரிவு புதிய சட்டங்களிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும் அரசுகளுக்கு இப்போது ஒரு நிஜமான தலைவலி உண்டு. அதன் பெயர் கணிதம்.

1976 வரை உலகத்தில் எல்லா ரகசிய எழுத்துக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. பூட்டிய பெட்டியை அனுப்பலாம், சாவியை எப்படி அனுப்புவது? சாவி போகும் வழியில் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு. அந்த ஆண்டு டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் முன்பின் சந்திக்காத இருவர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கம்பியிலேயே பேசி, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் அத்தனையையும் கேட்டாலும் சாவியைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான் சிக்னல் செயலியின் நெறிமுறை. 2016 ஏப்ரலில் அதையே வாட்ஸ்அப்பும் தன் எல்லாப் பயனாளர்களுக்கும் கொண்டுவந்தது. உங்கள் போனில் சாவி உருவாகிறது, உங்கள் போனிலேயே இருக்கிறது. நடுவிலுள்ள சர்வர் பூட்டிய பெட்டியைத்தான் பார்க்கிறது.

கம்பெனி பொய் சொல்லலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். சிக்னல் விஷயத்தில் நேரடியான சான்று இருக்கிறது. 2016லும் 2021லும் அமெரிக்காவில் அதனிடம் பயனாளர் விவரம் கேட்டுச் சட்டப்படியான ஆணைகள் வந்தன. அதனால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதுவும் அதனிடம் இல்லை. வாட்ஸ்அப்பிடம் இதைவிட அதிகம் இருக்கும். பேச்சு பூட்டப்பட்டிருந்தாலும் யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரம் வெளியே தெரியும். போராட்டத்துக்கு முந்தைய இரவு நீங்கள் இருபது பேருக்கு அழைப்பு விடுத்தீர்கள் என்று தெரிந்தால் போதாதா, என்ன பேசினீர்கள் என்று வேறு கேட்க வேண்டுமா?

ஆனாலும் வழியில் போட்ட பூட்டு உண்மையான பூட்டு. 1885இலிருந்து அரசு நின்றுகொண்டிருந்த இடத்தில், அதாவது நடுவழியில், இனி நின்று பயனில்லை. அதனால் அது நகர்ந்தது. முனைக்கு.

2019 அக்டோபரில் வாட்ஸ்அப்பே ஒரு செய்தியை வெளியிட்டது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பிலிருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்கச் சுமார் 1,400 பேரின் கருவிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டாம், மிஸ்டு கால் போதும். இந்தியாவில் குறிவைக்கப்பட்டவர்கள் 121 பேர் என்று அது அரசிடம் சொன்னது. எச்சரிக்கை பெற்றதாகத் தங்கள் பெயரை வெளிப்படையாகச் சொன்னவர்களைப் பாருங்கள். ஆனந்த் டெல்டும்டே இருக்கிறார். நாக்பூர் வழக்கறிஞர் நிஹால்சிங் ராத்தோட் இருக்கிறார். சத்தீஸ்கரின் தலித் உரிமைச் செயல்பாட்டாளர் டிக்ரி பிரசாத் சௌஹான் இருக்கிறார். வங்கிக் கொள்ளையர்களோ ஆயுத வியாபாரிகளோ அந்த வரிசையில் வரவில்லை. 2021இல் வெளியான பெகாசஸ் புலனாய்வில், குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்ட எண்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து திருமுருகன் காந்தி, சீமான் ஆகியோரின் எண்களும் இருந்தன. பட்டியலில் எண் இருப்பதும் போன் உளவுக்குள்ளானதும் ஒன்றல்ல, இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து 5இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியில்லை என்றது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். தான் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக என்.எஸ்.ஓ. சொல்கிறது. வாங்கினோமா இல்லையா என்று நம் அரசு இன்றுவரை நேராகச் சொல்லவில்லை.

பெகாசஸ் எதையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் உங்கள் போனைத் திறந்து படிக்கும்போது எழுத்து எழுத்தாகத்தானே தெரிய வேண்டும்? உங்களுக்குத் தெரிவது போனுக்குள் நுழைந்தவருக்கும் தெரியும். என் ஆயா கடிதத்தைக் கிழித்து நீட்டிய கணம் அது.

பையன் கேட்ட வழக்குக்கு இப்போது வருகிறேன். 2018 ஜனவரி 1 பீமா கோரேகான் வன்முறையைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி ரோனா வில்சன், நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் உள்ளிட்டோரின் வீடுகளில் புனே போலீஸ் சோதனை நடத்தியது. ஜூனில் கைதுகள். ஆதாரமாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் எந்த வாட்ஸ்அப் உரையாடலிலும் சிக்கியவை அல்ல. கணினிகளில் கோப்புகளாகக் கிடந்தவை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி வில்சனின் கணினிப் பிரதியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2016 ஜூனில் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஒரு இணைப்பைத் திறந்தபோது நெட்வயர் என்ற தீய மென்பொருள் உள்ளே போயிருக்கிறது. ஒரு நண்பரின் பெயரில் வந்ததை யார்தான் திறக்க மாட்டார்கள்? 22 மாதங்கள் யாரோ அந்தக் கணினிக்குள் இருந்திருக்கிறார்கள். மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் பத்துக் கடிதங்கள் வெளியிலிருந்து போடப்பட்டன, அவற்றை வில்சன் திறந்ததற்கான தடயமே இல்லை என்கிறது அறிக்கை. காட்லிங் கணினியிலும் இதே கதை.

நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சாமியின் கணினி பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் போடப்பட்டிருந்தன. 2019 ஜூன் 12ஆம் தேதி போலீஸ் கணினியைப் பறிமுதல் செய்தது. அதற்கு முந்தைய இரவு உள்ளே இருந்தவர் தன் தடயங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்கிறது அறிக்கை. நாளை போலீஸ் வரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அறிக்கை வந்தபோது பதில் கேட்க ஸ்டான் சாமி உயிரோடு இல்லை. 84 வயதில், பார்க்கின்சன் நோயோடு, உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காத்திருந்து, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். டெல்டும்டே 2020இல் சரணடைந்த தேதி ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள்.

இந்தத் தடயவியல் அறிக்கைகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞர்கள் தரப்பில் தனியார் நிறுவனம் தந்தவை அவை, விசாரணையில் இன்னும் சோதிக்கப்படவில்லை. வில்சனுக்கும் சுதிர் தவாலேவுக்கும் பிணை கிடைத்தபோது ஆண்டு 2025. ஆறரை ஆண்டு உள்ளே. ஆதாரம் பொய்யென்றே பின்னால் தெரிந்தாலும் அந்த ஆறரை ஆண்டு திரும்பி வராது.

அந்தரங்கம் என்றால் நாம் எழுதியதை யாரும் படிக்கக்கூடாது என்று மட்டும் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். நாம் எழுதாததை நம் பெட்டியில் யாரும் போட்டுவிடக் கூடாது என்பதும் அதில் அடக்கம் என்று இந்த வழக்கு கற்றுத் தந்தது. இது நமக்குப் புதிதாக இருக்கக் கூடாது. திருட்டுப் பொருளைச் சேரியில் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தேடுகிற பழைய வித்தைதான் இது.

கடத்தூரில் உட்கார்ந்து படிக்கும் உங்களில் யாருடைய போனிலும் பெகாசஸ் இருக்காது என்றே நினைக்கிறேன். அது விலை உயர்ந்த ஆயுதம். நம்மை வீழ்த்த அது தேவையுமில்லை. ஒரு விரல் போதும். உரிமை கேட்டுப் போன இடத்தில் போனை வாங்கி, விரலைப் பிடித்து அழுத்தித் திறந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று இங்கே வேண்டாம். கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒருவிதமாகவும், அடுத்த ஆண்டு டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் வேறுவிதமாகவும் சொன்னது. ஆனால் சொல்லாத எண் மனதில் இருக்கிறது, விரல் கையிலேயே இருக்கிறது. ஊர்வலத்துக்கோ ஸ்டேஷனுக்கோ போகும்போது விரல்ரேகைத் திறப்பை அணைத்துவிட்டு எண் பூட்டு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். போனையோ கணினியையோ பறிமுதல் செய்தால் அந்த இடத்திலேயே ஹாஷ் மதிப்பு கேளுங்கள். கருவியில் உள்ள மொத்தத் தகவலின் கைரேகை மாதிரி அது. பிறகு ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் மதிப்பு மாறிவிடும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை.

இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் எரிந்த வீடுகள், சாதி தாண்டி ஒரு பையனும் பெண்ணும் திருமணம் செய்துகொண்டதற்காக எரிந்தவை. 2013 ஜூலை 4 அன்று தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் இளவரசன் இறந்து கிடந்தார். ஈராண்டு கழித்து, 2015 ஜூன் 23 அன்று, ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு உடன்படித்த பெண்ணோடு போனார். அங்கேயே மறித்துக் கடத்திப் போனார்கள். அடுத்த நாள் தண்டவாளத்தில் உடல். தற்கொலை செய்துகொள்வதாக அவரையே பேசவைத்து போனில் பதிவும் செய்திருந்தார்கள். ஒரு மனிதனின் குரலை அவனுக்கு எதிராகவே அவன் கருவியில் எழுத முடியும் என்பதை பீமா கோரேகானுக்கு முன்பே நாம் பார்த்துவிட்டோம்.

அந்த வழக்கில் இன்னொன்றும் உண்டு, நம்மில் பலர் பேசத் தயங்குவது. முதல் குற்றவாளி யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தபடி வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். போலீசுக்குச் சவால், சொந்தச் சாதிக்கு அழைப்பு. அன்று நம் தோழர்கள் பலர் கேட்டார்கள்: இந்த வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்க அரசுக்கு வழி இருந்தால் என்ன கெட்டுப் போகும்? பூட்டு சாதி வெறியனுக்கும்தானே உதவுகிறது?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இதன் சட்ட வடிவம் தமிழ்நாட்டில்தான் பிறந்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்டு வழக்குகள் தாக்கலாயின. போகப் போக அது, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற விசாரணையாக மாறியது. ஒவ்வொரு செய்தியோடும் அதைத் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம், மறையாக்கத்தை உடைக்காமலே முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் காமகோடி 2019இல் யோசனை சொன்னார். இது வேலைக்காகாது, பொய்யாக ஒருவர் தலையில் கட்டவும் முடியும், தன்மறைவையும் கெடுக்கும் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைக் கொண்டுவந்து, பெரிய செய்திச் செயலிகள் கேட்டால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் வாட்ஸ்அப் இருக்காது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார்.

என் நிலை இது. கோகுல்ராஜ் வழக்கில் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு வாட்ஸ்அப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. கோயில் கேமராப் பதிவு இருந்தது, விடாமல் நின்ற தாய் இருந்தார், வழக்கை எடுத்து நடத்திய வழக்கறிஞர் இருந்தார். வன்கொடுமை வழக்குகள் தோற்பது மறையாக்கத்தால் அல்ல. முதல் தகவல் அறிக்கை போட மறுப்பதாலும், சாட்சிகளை மிரட்டுவதாலும், ஆண்டுக்கணக்கில் இழுப்பதாலும் தோற்கின்றன. முதல் அனுப்புநரைக் கண்டுபிடிக்கும் கருவி நாளை வந்தால் அது யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். நம் புகாரை வாங்க மறுக்கும் அதே கையில்தான்.

நம் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. பூட்டின் மேல் பயம் வந்ததும் எல்லாவற்றையும் 'தானாக அழியும் செய்தி'யில் போட்டுவிடுகிறார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டிய குரல் பதிவும் அதில் சேர்ந்து அழிந்துவிட்டது, வழக்குக்கு என்ன செய்வது என்று போன ஆண்டு ஒருவர் என்னிடம் வந்தார். இணையத்தில் ஏற்றப்பட்ட இழிசொல்லும் வன்கொடுமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆதாரம் இருந்தால்தானே அதைப் பயன்படுத்த முடியும்? மிரட்டல் வந்தால் அந்த உரையாடலில் அழியும் அமைப்பை அணையுங்கள், வந்த போனை மாற்றாமல் வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். நீதிமன்றத்துக்கு மின்னணுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி வேண்டும். சாட்சியின் பெயர், ஓடிவந்த இணை தங்கியிருக்கும் முகவரி, இவை வேறு. அவை இருநூறு பேர் உள்ள குழுவில் வரவே கூடாது. இருநூறு முனைகள் உள்ள பூட்டு பூட்டே இல்லை.

மகாத் குளத்துக்கு அம்பேத்கர் ரகசியமாகப் போகவில்லை. மனுஸ்மிருதியை எரித்ததும் ஊரறியத்தான். இயக்கம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறைவு தேவைப்படுவது இயக்கத்துக்கு அல்ல, தனியாக வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய ஆளுக்கு.

அன்று கூட்டம் கலைந்தபோது அந்த மாணவி தன் போனை என்னிடம் நீட்டினார். பெரியப்பா பையன் வாங்கிக் கொடுத்து, அவனே செட் பண்ணியும் கொடுத்த போன். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து காட்டினேன். ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் ஒன்றின் குரோம் பிரவுசர், கடைசியாக இயங்கியது அன்று காலையில். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

தொட்டால் அந்த இணைப்பைத் துண்டிக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சிடும்ண்ணா. இருக்கட்டும். இனிமே இதுல என்ன எழுதறதுன்னு நான் பாத்துக்கறேன்."

போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.